துண்டுச்சீட்டின் மெய்ப்பொருள்

நாட்டில் பாட்டுக் கட்டுகிறவர்களைவிட, பாட்டுக்கு அர்த்தம் சொல்கிறவர்கள் அதிகமாகிவிட்ட காலம் அது. ஒருத்தர் சொன்ன அர்த்தத்தை இன்னொருத்தர் ஒப்புக்கொள்ளாமல் விவகாரம் மூக்கு உடைகிற வரைக்கும் போகவே, அரசாங்கம் தலையிட்டு மக்கள் பாடல் மெய்ப்பொருள் வாரியம் என்று ஒன்றை வைத்தது. பத்து லட்சம் பேர் கேட்ட எந்தப் பாட்டும் அந்த வாரியத்தின் மேசைக்குப் போயாக வேண்டும். பாட்டில் வருகிற 'நீ' யார் என்று விசாரித்து, கடவுள், ஆன்மா, குரு என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்துச் சான்றிதழ் தருவார்கள். விண்ணப்பத்தில் நாலாவதாக 'மனிதர்' என்றும் ஒரு கட்டம் இருந்தது. அச்சகத்தில் யாரோ தவறுதலாகச் சேர்த்துவிட்டார்கள் என்று வாரியத்தில் எல்லோரும் நம்பினார்கள்.

கட்டடத்துக்கு ஐந்து மாடி. முதல் மாடியில் காதல் பாட்டு, இரண்டாவதில் தாலாட்டு, மூன்றாவதில் சோகப் பாட்டு. குத்துப்பாட்டுக்கு நாலாவது மாடி முழுவதையும் ஒதுக்கி மூத்த அதிகாரிகளை உட்கார வைத்திருந்தார்கள். அதில்தான் தத்துவம் ரொம்ப ஆழத்தில் கிடக்கிறது, தோண்டி எடுக்க அனுபவம் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஐந்தாவது மாடியில் தலைவர் இருந்தார்.

சாவிக்காரருக்கு இப்படி ஒரு வாரியம் இருப்பதே தெரியாது. தபால் நிலையத்துச் சுவரோரம் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டிய அளவில் ஒரு கடை. ஆணியில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள், ஒரு மெஷின், ஒரு ஸ்டூல். நாற்பது வருஷமாக டூப்ளிகேட் சாவி போடுகிறார். மெஷின் சத்தத்தில் அவர் எந்தப் பாட்டைக் கேட்டார்? ஆனால் அந்த வருஷம் ஊரையே ஆட்டிவைத்த பாட்டு, அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து இறங்கிப் போனதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய மனைவி கண் பரிசோதனைக்குப் போனாள். துணி ஆலையில் காஜா எடுக்கிறவள் அவள். ஊரார் சட்டைக்கெல்லாம் பட்டன் துளை தைத்துத் தைத்துக் கண் மங்கியிருந்தது. அவர் கடையில் இருந்ததால், ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காந்தத்தில் மாட்டி வைத்துவிட்டுப் போனாள்.

பால் காய்ச்சி வச்சிருக்கேன். மூடி வை.
நீலச் சட்டையில ஒரு பட்டன் இல்ல. போட்டுக்காத.
பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகுது. எண்ணெய் விடு. எத்தனை தடவை சொல்றது.
வெளிய போனா சாவிய எதிர்வீட்டு அக்காகிட்ட குடு.
நாலு மணிக்குள்ள வந்துடுவேன்.

கோபம் வந்தால் அவரை ஒருமையில்தான் பேசுவாள். கோபம் வராதபோதும் அப்படித்தான். அன்றைக்குக் கண் ஆஸ்பத்திரியில் முப்பத்தொன்றாம் நம்பர் டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாள். தூங்குகிறாள் என்று நினைத்து முப்பத்திரண்டாம் நம்பரை உள்ளே அனுப்பினார்கள். பிறகு முப்பத்து மூன்றையும் அனுப்பினார்கள்.

சீட்டில் சொன்னதை எல்லாம் சாவிக்காரர் செய்தார். பாலை மூடினார். நீலச் சட்டையைத் தொடவில்லை. வெளியே போனால் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் போய்விடும். தாழ்ப்பாளுக்கு மட்டும் எண்ணெய் விடவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறக்கிறவர் வீட்டில் தாழ்ப்பாள் இறுகிக் கிடப்பதை அவள் இருந்தபோது நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அப்போது சோம்பலில் விடவில்லை. இப்போது பயத்தில் விடவில்லை. அதையும் செய்துவிட்டால் அவள் சொன்னதில் மிச்சம் ஒன்றுமே இருக்காதே என்று நினைத்தார். தினம் நாலு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் தெருமுனையைப் பார்ப்பார். வரமாட்டாள் என்று தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய தங்கை வருவாள். அதே ஆலையில் காலர் தைக்கிறவள். நாற்பது வயதானாலும் குடும்பத்தில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். இரண்டு பேரும் டீ போட்டுக் குடித்துக்கொண்டு செத்தவளைப் பற்றிக் குறை சொல்வார்கள். அவளுடைய கோபம், ஒரு குடையை மூன்று தடவை தொலைத்தது, சினிமாவில் பாதியில் தூங்கிவிட்டு மீதிக் கதையை எல்லோருக்கும் சொன்னது. ஒரு மணி நேரம் செத்தவளே அந்த வீட்டில் நடமாடிவிட்டுப் போவாள். சாவிக்காரர் ஒரு வாரத்தைத் தள்ளுவது அந்த ஒரு மணி நேரத்தை நம்பித்தான்.

மாடியில் குடியிருந்த கீபோர்டுக்காரன் ஒருநாள் ஐஸ் கேட்டு வந்தான். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்றவன் நின்றபடியே இருந்தான்.

"அண்ணே, இதுக்கு ஒரு மெட்டுப் போடட்டுமா?"

"போடு," என்றார் சாவிக்காரர். அந்த நாட்களில் வீட்டை இடிக்கட்டுமா என்று கேட்டிருந்தாலும் அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆறு மாதத்தில் அது எல்லார் போனிலும் இருந்தது. பாட்டு பத்து லட்சத்தைத் தாண்டிய மறுநாள் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. மூலத்தாளுடன் மூன்று நாளுக்குள் நேரில் வரவும்.

ரசீது கவுண்டரில் ஒரு அம்மாள் இருந்தாள். அசல் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை நீட்டியபடி நின்றார். அவர் தொழில் அப்படி. வருகிறவர்கள் அசல் சாவியைக் கொடுப்பார்கள், பத்து நிமிஷத்தில் அசலும் நகலும் சேர்ந்து அவர்கள் கைக்குப் போகும். உலகத்தில் எல்லாக் கவுண்டரிலும் அதுதான் நடக்கிறது என்று நாற்பது வருஷமாக நம்பியிருந்தார்.

"எதுக்குக் கை நீட்டறீங்க?"

"அசலும்மா."

"அதான் குடுத்துட்டீங்களே."

அந்த அம்மாள் ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். 'அருள்வாக்கு எனக் கருதப்படும் தாள், ஒன்று. கறையுடன்' என்று அதில் எழுதியிருந்தது.

"கறை இல்லம்மா அது. டம்ளர் வச்ச தடம். டீ குடிச்சுகிட்டே எழுதியிருக்கா."

அம்மாள் ரசீதை வாங்கித் திருத்தித் தந்தாள். 'கறையுடன், வட்ட வடிவம்.'

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது மாடியில் பொருள் அதிகாரி கூப்பிட்டுப் பேசினார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். மேசை மேல் அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. சாவிக்காரர் உட்காராமல் அதையே பார்த்தார். காய்ச்சலில் கிடக்கும் ஆளைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

"இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன்," என்றார் அதிகாரி. "எல்லாப் பாட்டுலயும் மனுஷன்தான் கடவுளைக் கூப்பிடறான். இதுல மட்டுந்தான் கடவுள் மனுஷனுக்கு வேலை சொல்றார். அதுவும் எவ்வளவு கண்டிப்பா. 'எத்தனை தடவை சொல்றது.' யோசிச்சுப் பாருங்க. எத்தனை யுகமா எத்தனை பேரை அனுப்பிச் சொல்லிட்டார். அந்தச் சலிப்பு ஒரு மனுஷப் பேனாவுல வருமா?"

"அவளுக்கு வரும் சார்."

அதிகாரி அதைக் குறித்துக்கொள்ளவில்லை. "பாலுக்கு வருவோம். எவ்வளவு பால்?"

"அரை லிட்டர் சார்."

"அரை. பாத்தீங்களா, முழுசு இல்ல." இதைக் குறித்துக்கொண்டார். "சட்டையில எந்தப் பட்டன்?"

"மூணாவது."

"அது எங்க போச்சு?"

"விழுந்துடுச்சு சார். எங்கன்னு தெரியாது."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். "தெரியாது. இவ்வளவு நேர்மையான பதிலை நான் இந்த அறையில கேட்டதில்ல. சரி, எதிர்வீட்டு அக்கா யாரு?"

"எதிர்வீட்டுல இருக்கற அக்கா சார்."

"எதிர்ல இருக்கறதுன்னா மறுகரை. நடுவுல ஒண்ணைக் கடக்கணும்."

"சாக்கடை இருக்கு சார் நடுவுல."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் அதிகாரி, ரொம்பக் கனிவாக. "அந்த வட்டத்தை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம்."

"டீ சார் அது."

"ஆய்வும் டீன்னுதான் சொல்லுது. ஆனா யாரோட டீன்னு சொல்லல."

சாவிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், எனக்கு அர்த்தம் எதுவா இருந்தாலும் சரி. அந்தத் தாள் மட்டும் வேணும். அவ கையெழுத்து வேற எங்கயும் இல்ல. ஆலையிலகூட வேலைக்குச் சேந்தப்ப, எழுதத் தெரியுமான்னு கேக்காமயே கைநாட்டு வாங்கிட்டாங்க."

"விசாரணையில இருக்கற கடவுளை வெளிய விட முடியாது," என்றார் அதிகாரி.

அதற்கப்புறம் வாராவாரம் போனார். தாள் ஆய்வில் இருக்கிறது என்பார்கள், ஒப்பீட்டில் இருக்கிறது என்பார்கள், தியானத்தில் இருக்கிறது என்றுகூட ஒரு தடவை சொன்னார்கள். இதற்கிடையில் வாரியம் இடைக்கால மெய்ப்பொருள் ஒன்றை வெளியிட்டது. பாட்டில் பேசுகிறவர் கடவுளாக இருக்க வாய்ப்பு உண்டு, முடிவு வரும்வரை பொதுமக்கள் கட்டளைகளை முன்னெச்சரிக்கையாகக் கடைப்பிடிப்பது நல்லது என்று அதில் இருந்தது.

பொதுமக்கள் கடைப்பிடித்தார்கள். பத்து நாளில் ஊரில் பாதிப் பேர் நீலச் சட்டை வாங்கி, மூன்றாவது பட்டனைப் பிய்த்துவிட்டு, அதைப் போடாமல் கையில் மடித்து வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆலைக்கு மூன்றாவது காஜா இல்லாத நீலச் சட்டைக்கு ஆர்டர் வந்தது. "அக்கா இருந்திருந்தா ஒரு சட்டைக்கு ஒரு காஜா மிச்சம்னு சந்தோஷப்பட்டிருப்பா மாமா," என்றாள் பாப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சிரித்த கடைசி ஞாயிற்றுக்கிழமை.

பிறகு சாவிகள் வந்தன. எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்தால் வாசலில் பத்துப் பேர் நின்று ஆளுக்கொரு சாவியைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார்கள். அக்கா முதலில் டப்பாவில் போட்டாள், அப்புறம் வாளியில், கடைசியில் கோணிப்பையில். "என்ன தம்பி இது," என்று சாவிக்காரரிடம் கேட்டாள். "நான் உன் பொண்டாட்டிகிட்ட ஒரு சாவி வாங்கி வைக்கறேன்னு சொன்னேன். ஊரையே வாங்கி வைக்கறேன்னா சொன்னேன்?" சாவியைக் கொடுத்தவர்கள் வீட்டுக்குள் போக முடியாமல் அவர் கடைக்கே வந்து டூப்ளிகேட் கேட்டார்கள். அசல் எங்கே என்றால் மறுகரையில் என்றார்கள்.

எண்ணெய்தான் ரொம்பக் கொடுமையாகப் போனது. ஊரில் உள்ள எல்லாத் தாழ்ப்பாளுக்கும் கீலுக்கும் எண்ணெய் விட்டுவிட்டார்கள். கதவு திறக்கிற சத்தமே இல்லாமல் போயிற்று. யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று தெரியாமல், பட்டப்பகலில் தன் வீட்டு ஆளையே பார்த்து ஜனங்கள் திடுக்கிட்டார்கள். புருஷன் வந்துவிட்டான் என்று நினைத்து ஒருத்தி வெகுநேரம் வெறும் கூடத்தோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று அக்கா சொன்னாள்.

ஆனால் சாவிக்காரரைக் குலை நடுங்க வைத்தது நாலு மணி. ஒருநாள் வழக்கம்போல மெஷினை நிறுத்தித் தெருமுனையைப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரனும் பார்த்துக்கொண்டிருந்தான். தபால் நிலையத்து வரிசை முழுவதும் திரும்பி நின்றது. பஸ் ஓரம் கட்டி நின்றிருந்தது, உள்ளே இருந்த முகங்கள் எல்லாம் கண்ணாடியோடு ஒட்டி அதே பக்கம் பார்த்தன. ஆயிரம் பேர் அவருடைய மனைவிக்காகக் காத்திருந்தார்கள், அவளை ஒருத்தருக்கும் தெரியாது. இரண்டு வருஷமாக அந்த ஒரு நிமிஷம் அவருக்கென்று இருந்தது. இனிமேல் அதிலும் அவர் கூட்டத்தில் ஒரு ஆள். அடுத்த நாளிலிருந்து நாலு மணிக்குத் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை ஓட்டினார். எல்லோரும் அவரை முறைத்தார்கள்.

அந்த வாரம் வாரியத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியபோது, வீட்டுக்குள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டு அக்காவின் கோணிப்பையிலிருந்து அவர் வீட்டுச் சாவியையும் தேடி எடுத்திருந்தார்கள். பின்கதவுப் பக்கம் மண்டியிட்டிருந்த ஒருவர் எழுந்து, எண்ணெய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பணிவாகச் சொன்னார்.

"ஐயா, வீட்டையும் கடையையும் நீங்க ஒருத்தராப் பாக்கறதால, இதுக்கு உங்களுக்கு நேரம் ஒழியலன்னு கேள்விப்பட்டோம். நாங்களே விட்டுட்டோம்."

அவர்கள் போன பிறகு சாவிக்காரர் பின்கதவைத் தள்ளினார். திறந்தது. சாத்தினார். சாத்திக்கொண்டது. மறுபடி திறந்தார். கதவு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செத்த அன்றைக்குக்கூட அழாத மனிதர் கதவைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு அழுதார். இனி அவள் சொல்லி அவர் செய்ய வேண்டியது உலகத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் தாள்தான் மிச்சம். அதை எப்படியாவது வாங்கிவிட வேண்டும், யார் காலில் விழுந்தாவது, என்ன பொய் சொல்லியாவது.

மறுநாள் ஐந்தாவது மாடிக்கே போனார். தலைவரின் அறையில் சத்தம் ஏறாதபடி சுவருக்குப் பஞ்சு மெத்தை வைத்திருந்தார்கள். தலைவர் மெலிந்த மனிதர், குரலும் மெலிசு. சாவிக்காரரைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

"நான் பாட்டே கேக்கறதில்ல," என்றார். "கேட்டா பிடிச்சுடும். பிடிச்சுட்டா நடுநிலை போயிடும். எழுதிக் குடுக்கறதை மட்டும் படிப்பேன். இதுவரைக்கும் பன்னிரண்டாயிரம் பாட்டுல கடவுளைக் கண்டுபிடிச்சிருக்கோம். ஒரு பாட்டுலகூட அவர் இல்லாமப் போனதில்ல. முதல் பார்வையில கிடைக்கலைன்னா ரெண்டாவது குழு போடுவோம். அப்பவும் கிடைக்கலைன்னா, அவர் மறைஞ்சிருக்கார்னு சான்றிதழ் குடுத்துடுவோம். யாரையும் வெறுங்கையோட அனுப்பினதில்ல."

"என்னை அனுப்பிட்டாங்க ஐயா. ஒன்பது தடவை."

"உங்க விஷயம் வேற. நீங்க பொண்டாட்டி எழுதினதுங்கறீங்க. எழுதியிருக்கலாம். நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன், நானும் கல்யாணம் ஆனவன்தான். ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கு. பொண்டாட்டின்னா ஒரு வீட்டுக்கு. கடவுள்னா எல்லாருக்கும் ஆகும். அது மட்டுமில்ல, ஒரு பொம்பளை எழுதினதுன்னு நான் ஒப்புக்கிட்டா என்ன ஆகும்? நாளைக்கு ஒவ்வொரு வீட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கறதையும் நாம நின்னு படிக்கணும். படிச்சுட்டு, அதைச் செய்யணும். எந்த அரசாங்கத்தால முடியும்? கடவுள் சொன்னார்னா பாடிட்டுப் போயிடலாம்."

இதைச் சொன்னபோது தலைவரின் மேசையில் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு கிடந்தது. 'மாத்திரை. மதியம் ஒண்ணு. மறக்காதீங்க' என்று பெண் கையெழுத்தில் எழுதியிருந்தது. மாத்திரையும் அதன் மேலேயே இருந்தது. மணி மூன்றரை.

"எனக்குத் தாள் வேணும் ஐயா," என்றார் சாவிக்காரர்.

"தாராளமா. விதி ரெண்டுதான். மனுஷர் எழுதினதுன்னு முடிவானா, அது அலுவலகத்துக்கு வந்த தேவையில்லாத காகிதம். தேவையில்லாத காகிதத்தை வெள்ளிக்கிழமை மெஷின்ல போட்டுப் பொடியாக்கிடுவாங்க. திருப்பித் தர வழியில்ல, ஏன்னா ரசீது அருள்வாக்குக்குத்தான் குடுத்திருக்கு. கடவுள் எழுதினதுன்னு முடிவானா, அது கிடைச்ச வீட்டுலயே இருக்கணும். நீங்கதான் காப்பாளர். கையிலயே குடுத்துடுவோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்."

அந்த ஒன்று நாலாக மடித்த ஒரு படிவம். 'மேற்படி கையெழுத்துக்கு உரிய நபர் எவரையும் அறிவீரா? அறியேன். மேற்படி வீட்டில் இவ்வாறு எழுதக்கூடிய பெண் எவரேனும் வாழ்ந்ததுண்டா? இல்லை.' பதில்களை அவர்களே அச்சடித்திருந்தார்கள், அவருக்குச் சிரமம் வேண்டாமென்று. சாவிக்காரர் பேனாவை வாங்கினார். தாள் பொடியாகிப் போவதைவிட இது மேல் என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"சாட்சி வேணும்," என்றார் தலைவர். "சந்தேகப்படற அந்தப் பெண்ணோட கையெழுத்தை நல்லாத் தெரிஞ்ச ரத்த சொந்தம் ஒருத்தர் வந்து, இது அவங்களோடது இல்லன்னு போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

அன்றைக்கு வியாழக்கிழமை. செத்தவளுக்கு இருந்த ரத்த சொந்தம் ஒரே ஒருத்திதான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆலை கேட்டில் சாப்பாட்டு மணிக்காக நின்றார். பாப்பா நூல் ஒட்டிய தலையோடு வெளியே வந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"எங்க அக்கா எழுதலன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"ஒரு கையெழுத்துதான் பாப்பா. அவங்க பைத்தியக்காரங்க. நமக்குள்ள உண்மை தெரியும்ல."

"எழுதச் சொல்லிக் குடுத்ததே அவதான் மாமா எனக்கு. என் கையெழுத்தும் அவ கையெழுத்து மாதிரியேதான் இருக்கும். அந்தக் கையால அவளை இல்லன்னு எழுதணுமா?"

"இன்னைக்குச் சாயங்காலம் பொடியாக்கிடுவாங்கம்மா."

"ஆக்கட்டும். காகிதம்தானே. நானும் நீங்களும் இருக்கோம்ல. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவ வந்துட்டுத்தானே போறா."

சாவிக்காரர் நடைபாதையில் எல்லார் முன்னாலும் அவள் காலைத் தொடக் குனிந்தார். வயதில் மூத்தவர், அக்கா புருஷன். அவள் பதறிப் பின்னால் நகர்ந்தாள். அவரை நிமிர்த்தி, முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பைக்குள் வைத்துவிட்டு, "வாங்க," என்றாள்.

வாரியத்தில் மூன்று மணிக்கே பொடியாக்கும் மெஷினைச் சூடேற்றியிருந்தார்கள். ரசீது அம்மாள் படிவத்தை நீட்டினாள். பாப்பா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். 'அந்தக் கையெழுத்தை உங்களுக்கு நன்றாகத் தெரியுமா? தெரியும். இது அதுவா? இல்லை. அப்படி ஒரு சகோதரி உங்களுக்கு உண்டா?' இதற்கு மட்டும் பதில் அச்சடிக்காமல் இடம் விட்டிருந்தார்கள்.

"இதுக்கு என்ன எழுதறது?" என்று கேட்டாள்.

"உங்க இஷ்டம்தான்," என்றாள் அம்மாள். "ஆனா உண்டுன்னு எழுதினா அவங்களை நேர்ல கூட்டிட்டு வரணும்."

பாப்பா 'இல்லை' என்று எழுதினாள். எழுதப் பழகுகிற குழந்தையைப் போல ரொம்ப நேரம் எடுத்து எழுதினாள். சாவிக்காரர் எட்டிப் பார்த்தார். பால் இல்லை, பட்டன் இல்லை என்று செத்தவள் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அம்மாள் இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சம்பந்தம் எதுவும் இல்லை என்று சான்று எழுதிக்கொண்டாள்.

தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, பட்டுத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். பொருள் அதிகாரி இறங்கி வந்து காப்பாளரை வணங்கினார். காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்றதற்குச் சாவிக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். அவர் துணியை விலக்கிப் பார்த்தார். எல்லா வரியும் இருந்தது. டம்ளர் வட்டத்துக்குள், அளவெடுத்தாற்போல், வாரியத்தின் முத்திரை விழுந்திருந்தது. இருந்தாலும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"'எத்தனை தடவை சொல்றது.' பாத்தியா பாப்பா, இந்த இடத்துல பேனாவை எப்படி அழுத்தியிருக்கான்னு. தாள் கிழியாதது ஆச்சரியம். ஞாயித்துக்கிழமை வர்றப்ப நல்ல வெளிச்சத்துல வச்சுப் பாக்கலாம்."

பாப்பா தாளைப் பார்க்கவில்லை. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஞாயித்துக்கிழமை வரல மாமா."

"ஏம்மா? வேலையா?"

"வேலையெல்லாம் இல்ல. வந்து யாரைப் பத்திப் பேசறது," என்றாள், கோபமே இல்லாமல். "நம்ம ரெண்டு பேருக்கும்தான் அவளைத் தெரியாதே."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.